பாஸ்வேர்டு எழுதிய காலண்டர் அட்டை

விருதுநகர் மாவட்டத்துப் பள்ளிக்கூடம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பிளஸ் டூ ரிசல்ட்தான். 1985-ல் ராமநாதபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான பிறகு, தேர்ச்சி விகிதத்தில் பல வருடங்கள் முதலிடத்தில் நின்ற மாவட்டம். அதே மாவட்டம்தான் 2018-ல் மத்திய அரசின் ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ பட்டியலிலும் இடம்பிடித்தது. மார்க் ஒரு பக்கம், பிழைப்பு ஒரு பக்கம்.

சிவகாசிக்கும் விருதுநகருக்கும் நடுவே உள்ள ஒரு கிராமத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கும் டீச்சருக்கு இந்த மார்க் விஷயத்தில் ஒரு மனக்குறை உண்டு. ‘பிள்ளைங்க ஃபார்முலா எல்லாத்தையும் தலைகீழா ஒப்பிக்குதுங்க. ஆனா அதை எதுலயும் தொட்டுப் பார்த்ததில்ல’ என்பார். அதனால் தன் சம்பளத்திலிருந்து இரண்டு சின்னப் பெட்டிகளை வாங்கினார். பெயர் ‘எக்ஸ்பைஸ்’.

உள்ளங்கை அகலப் பெட்டி. டெல்லியில் இருக்கும் ஐயூஏசி என்ற ஆராய்ச்சி மையத்தில், அஜித் குமார் என்ற விஞ்ஞானியின் முயற்சியில் ‘ஃபீனிக்ஸ்’ திட்டத்தின் கீழ் உருவானது. லட்சக்கணக்கில் விலை சொல்லும் லேப் கருவிகள் செய்யும் வேலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேண்டியதைச் சில ஆயிரம் ரூபாயில் செய்துவிடும். யுஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்தால் போதும். மின்சாரமும் அதிலேயே எடுத்துக்கொள்ளும். மைக்கை மாட்டி விசில் அடித்தால் ஒலி அலை ஸ்கிரீனில் நெளியும். அதன் மென்பொருள் இலவசம், உள்ளே இருக்கும் சர்க்யூட்டின் வரைபடம்கூட ஒளிவுமறைவில்லாமல் கிடைக்கும். பக்கத்து மாநிலமான கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் இந்தப் பெட்டி நன்றாகவே அறிமுகம்.

லேப்டாப்புக்கும் பஞ்சமில்லை. 2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசு இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியபோது, அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு ‘பாஸ்’ என்ற லினக்ஸும் சேர்ந்தே வந்தது நினைவிருக்கலாம். சென்னை சி-டாக் 2007-ல் வெளியிட்டது. பல வீடுகளில் அதை யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். பழைய மாணவர்கள் சிலர், உபயோகம் முடிந்த தங்கள் லேப்டாப்களைப் பள்ளிக்கே கொடுத்தார்கள். விண்டோஸ் திணறிய அந்தப் பழசுகளில் லினக்ஸ் ஓடியது. ஆக, இரண்டு பெட்டி, நாலு லேப்டாப், ஆர்வமான டீச்சர். வேறென்ன வேண்டும்?

அனுமதி வேண்டும்.

கேபிளைச் செருகினால் பெட்டியில் விளக்கு எரிந்தது. மென்பொருளைத் திறந்தால் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்றது ஸ்கிரீன். டீச்சர் வீட்டு லேப்டாப்பில் அதே பெட்டி முதல் நாளே வேலை செய்தது. இங்கே மட்டும் என்ன கோளாறு? கேபிளை மாற்றிப் பார்த்தார்கள், பெட்டியை மாற்றிப் பார்த்தார்கள். கோளாறு இரண்டிலும் இல்லை.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் புரிந்துகொள்வது நல்லது. நம் போனில் ஓடிஜி கேபிள் வழியாக ஏதாவது கருவியைச் செருகினால், ‘இந்த ஆப் இந்தக் கருவியைப் பயன்படுத்த அனுமதிக்கலாமா?’ என்று ஒரு பெட்டிச் செய்தி வரும். ‘சரி’ என்று தட்டிவிட்டு வேலையைப் பார்ப்போம். சாதாரண லினக்ஸ் கம்ப்யூட்டர் இப்படிக் கேட்பதில்லை. அதைப் பொறுத்தவரை செருகப்படும் ஒவ்வொரு கருவியும் ஒரு ஃபைல் மாதிரி. செருகிய நொடியில் அந்தக் கருவியின் பெயரில் ஒரு ஃபைல் பிறக்கும். அதற்கு உரிமையாளர் ‘ரூட்’, அதாவது அந்தக் கம்ப்யூட்டரின் பெரிய தலை. இந்தப் பெட்டி மாதிரியான கருவிகளுக்கு ‘டயல்அவுட்’ என்ற ஒரு குழுவினருக்கும் கைவைக்கும் உரிமை உண்டு. டெலிபோன் மோடம் காலத்துப் பெயர், அப்படியே நின்றுவிட்டது. மற்றவர்களுக்கு ஒன்றும் கிடையாது. மாணவர்கள் அந்த ‘மற்றவர்கள்’.

டீச்சர் வீட்டில் மென்பொருளை முறைப்படி இன்ஸ்டால் செய்திருந்தார். அப்படிச் செய்தால் பெட்டிக்கான அனுமதி விதியும் கூடவே வந்து உட்கார்ந்துவிடும். பள்ளியில் நெட் சரியில்லாததால் மென்பொருளை மட்டும் பென்டிரைவில் ஃபோல்டராகக் கொண்டுவந்து ஒட்டியிருந்தார். விதி வரவில்லை. பந்திக்கு இலை போட்டாகிவிட்டது, பரிமாற ஆள் வரவில்லை என்ற கதை.

பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் வந்து பார்த்தார். கறுப்பு ஸ்கிரீனைத் திறந்து ஒரு வரி அடித்தார், அட்மின் பாஸ்வேர்டைப் போட்டார், பெட்டி பேச ஆரம்பித்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். கேபிளைக் கழற்றி மறுபடி செருகியதும் பழையபடி ‘அனுமதி மறுக்கப்பட்டது.’

காரணம் எளிது. அவர் அனுமதி கொடுத்தது அந்த ஃபைலுக்கு. கேபிளைப் பிடுங்கினால் அந்த ஃபைலே இருக்காது. மறுபடி செருகும்போது பிறப்பது வேறொரு புது ஃபைல், பெயர் பழையதாக இருந்தாலும். போன ஃபைலுக்குக் கொடுத்த அனுமதி அதோடு போயிற்று. 45 நிமிட வகுப்பில், ஆளாளுக்குக் கேபிளை ஆட்டி ஆட்டி, பாஸ்வேர்டு போடவே 10 நிமிடம் போனது.

இதற்கு மத்தியில்தான் நாலு மாணவிகள் அந்த வெப்பநிலைக் கணக்கை எடுத்தார்கள். அது டீச்சர் சொல்லிக் கொடுத்தது இல்லை, அவர்களாகவே யோசித்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வகுப்பறை ஒன்று, அதற்கு வெளியே வேப்பமர நிழல். இரண்டு இடத்திலும் ஒவ்வொரு சென்சார். ‘எல்எம்35’ என்று மூன்று கால் உள்ள சின்னச் சில்லு. ஒரு டிகிரி செல்சியஸுக்கு 10 மில்லிவோல்ட் என்று கணக்காகச் சொல்லிவிடும். இரவும் பகலும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவெடுத்து லேப்டாப் பதிந்துகொள்ள வேண்டும். மாவட்ட அறிவியல் கண்காட்சிக்குக் கொண்டுபோகத் திட்டம்.

வெயில் இந்த ஊருக்குப் புதிதில்லை. மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு. அதனால்தானே தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே வேர் பிடித்தன. ஆனால் அதே வெயிலில் தகரக் கூரைக்கும் ஓட்டுக் கூரைக்கும் கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கு எத்தனை டிகிரி என்று யாரும் எழுதி வைப்பதில்லை. அந்த நாலு பேரில் இரண்டு பேரின் அம்மாக்கள் பயர் ஆபீஸில் வேலை செய்பவர்கள். வெளியூர்க்காரர்களுக்கு: இங்கே பட்டாசுத் தொழிற்சாலைக்குப் பெயர் ஆபீஸ்.

மரத்தடி வரை கேபிள் எட்டாததால், நடுவில் கரண்ட்டில் ஓடும் யுஎஸ்பி ஹப் ஒன்றை வைத்தார்கள். அங்கேதான் சிக்கல். ராத்திரி கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் தப்பிக்கும், ஹப் அணைந்துவிடும். கரண்ட் வந்ததும் ஹப் எழும், பெட்டியும் எழும், புது ஃபைல் பிறக்கும், அதன் உரிமை ரூட்டிடம் இருக்கும். அளவெடுக்கும் புரோகிராம் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நிற்கும். ராத்திரி 2 மணிக்கு வந்து பாஸ்வேர்டு போட யார் இருக்கிறார்கள்? காலையில் வந்து பார்த்தால் பாதி ராத்திரி காணாமல் போயிருக்கும்.

கடைத் தம்பி இரண்டாவது வழி சொன்னார். ‘எல்லாத்தையும் ரூட்டாவே ஓட விட்ருங்க டீச்சர். அனுமதிப் பிரச்னையே வராது.’ உண்மைதான், வரவில்லை. அளவுகள் விடாமல் பதிவாயின. பெட்டியைத் தொட வேண்டிய எல்லாருக்கும் பாஸ்வேர்டு வேண்டியிருந்ததால், லேப் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரின் அட்டையில், சாமி படத்துக்குக் கீழே, ஸ்கெட்ச் பேனாவால் அதை எழுதி வைத்தார்கள். நாட்டுக்கே காலண்டர் அச்சடித்துக் கொடுக்கும் ஊரில் அட்டைக்கா பஞ்சம்!

இருபது நாள் ஓடியது. இருபத்தோராவது நாள், வேறு பிரிவுப் பையன் ஒருவன் மதிய இடைவேளையில் ஒரு கேமைப் போட முயன்றான். ஹார்டு டிஸ்க்கில் இடமில்லை. அட்டையைப் பார்த்துப் பாஸ்வேர்டு போட்டு, தேவையில்லை என்று தோன்றிய ஃபோல்டர்களை அழித்தான். ரூட்டாக அழித்தால் கம்ப்யூட்டர் தடுக்காது. குப்பைத் தொட்டிக்கும் போகாது. இருபது நாள் வெப்பநிலையும் போனது.

மற்ற எந்தப் பரிசோதனையாக இருந்தாலும் மறுபடி செய்துகொள்ளலாம். போன மாதத்து வெயிலை எங்கே போய் அளப்பது?

டீச்சர் திட்டவில்லை. அந்த நாலு பேரும்கூட அழுதார்களே தவிர அவனைத் திட்டவில்லை. ஆனாலும் பையன் மறுநாள் பள்ளிக்கு வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. டைரி பைண்டிங் வேலைக்குப் போகிறான் என்று தகவல் வந்தது. இந்தப் பக்கம் பிளஸ் டூ பையன் நாலு நாள் வேலைக்குப் போனால் ஐந்தாவது நாள் கையில் காசு வரும்; ஆறாவது நாள் பள்ளிக்கூடம் தூரமாகிவிடும். இங்கே பாடம் எடுக்கும் எல்லாருக்கும் இது தெரியும். டீச்சர் அன்று சாயங்காலமே வீடு தேடிப் போனார்.

பையனின் அம்மா அப்போதுதான் ஆபீஸ் வேனில் வந்து இறங்கியிருந்தார். நகக்கண்ணில் மருந்து அப்பியபடியே பாய் விரித்தார். நடந்ததை டீச்சர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தவர், பையனைப் பார்க்காமல் டீச்சரைப் பார்த்துக் கேட்டாராம்.

‘எங்க ரூம் வாசல்ல போர்டு மாட்டிருக்காக டீச்சர். இத்தன ஆளு, இத்தன கிலோ மருந்துன்னு. அஞ்சாவதா ஒரு ஆள் உள்ள வந்தா, போர்மேன் வந்தவளை ஏசுறதுக்கு முன்னாடி உள்ள விட்டவளைத்தான் ஏசுவாரு. சாவிய செவுத்துல மாட்டி வச்சுட்டு, எவன் தொறந்தான்னு கேட்டா எப்பிடி?’

ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். அனுமதி என்ற விஷயத்தில் இவரைவிட அனுபவம் உள்ளவர் அந்தப் பள்ளியில் யாரும் இல்லை.

சிவகாசிப் பக்கம் பட்டாசு ரூம்களின் வாசலைப் பார்த்தவர்களுக்கு அந்த போர்டு தெரிந்திருக்கும். ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் கூடாது என்பது இங்கே குழந்தைக்கும் தெரிந்த கணக்கு. மருந்து கலக்கும் ரூம் என்றால் இன்னும் குறைவு. எந்த ரூமில் எந்த வேலை, எவ்வளவு மருந்து என்பதெல்லாம் முன்கூட்டியே எழுதப்பட்டவை. ஒவ்வொரு முறையும் போர்மேன் வந்து ‘நீ உள்ளே போ, நீ வெளியே இரு’ என்று சொல்லத் தேவையில்லை. எழுதியதை மீறும்போது என்ன ஆகும் என்பதற்கு 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் 40 பேர் அளவுக்கு உயிரிழந்த விபத்தே சாட்சி. அதற்கு முன்பும் நடந்திருக்கிறது, பிறகும் நின்றபாடில்லை. ஒரு லேப்டாப் ஃபோல்டரை அதோடு ஒப்பிடுவது அதிகம்தான். அந்த அம்மா ஒப்பிட்டார், அவருக்கு அந்த உரிமை உண்டு.

டீச்சர் திரும்பி வந்து முதலில் காலண்டர் அட்டையைக் கழற்றினார். பிறகு, மூன்று வருடங்களுக்கு முன் இதே பள்ளியில் படித்து, இப்போது பாலிடெக்னிக் முடித்து வேலையில் இருக்கும் பழைய மாணவிக்கு போன் செய்தார். ‘செருகின உடனே தானா அனுமதி கிடைக்கணும். ஆனா பாஸ்வேர்டு யார்கிட்டயும் போகக் கூடாது. முடியுமா தாயி?’

‘முடியும் டீச்சர். போர்டு எழுதி மாட்டணும், அவ்வளவுதான்’ என்றாள் அவள். பையனின் அம்மா சொன்னது அவளுக்குத் தெரியாது. அவளுடைய அம்மாவும் பயர் ஆபீஸ்தான்.

அந்த போர்டின் பெயர் யூடெவ் விதி. லினக்ஸில் கருவிகள் வருவதையும் போவதையும் கவனிக்க ‘யூடெவ்’ என்று ஒரு காவலாளி எப்போதும் விழித்திருக்கிறது. 2003-ல் கிரெக் குரோவா-ஹார்ட்மன் என்பவர் தொடங்கிவைத்தது. அதற்கு முந்தைய காலத்தில், என்றைக்காவது செருகப்படலாம் என்ற எண்ணத்தில் ஆயிரக்கணக்கான கருவி ஃபைல்களைக் காலியாகவே உருவாக்கி வைத்திருப்பார்கள். கல்யாண மண்டபத்தில் வராத விருந்தாளிக்கெல்லாம் நாற்காலி போட்டு வைப்பதுபோல. யூடெவ் வந்த பிறகு வந்தவருக்கு மட்டும் நாற்காலி. யார் வந்தால் எங்கே உட்கார வைப்பது என்பதை நாம் எழுதி வைக்கலாம்.

யுஎஸ்பி கருவி எதுவாக இருந்தாலும் உள்ளே ஓர் அடையாள அட்டை இருக்கும். தயாரித்த நிறுவனத்துக்கு நாலு இலக்க எண், அந்த மாடலுக்கு நாலு இலக்க எண். பள்ளிகளில் பிள்ளைகள் ரோபோ செய்யும் ஆர்டினோ ஊனோ போர்டு என்றால் 2341, 0043. செருகியதும் யூடெவ் இந்த அட்டையை வாங்கிப் படிக்கும். பிறகு விதிகள் வைத்திருக்கும் ஃபோல்டரைப் பார்க்கும். ‘இந்த நிறுவனம், இந்த மாடல் வந்தால், இந்தக் குழுவிடம் ஒப்படை, அந்தக் குழு படிக்கலாம், எழுதலாம், மற்றவர்கள் தொடக் கூடாது’ என்று ஒரே ஒரு வரி. பாஸ்வேர்டு அந்த ஒரு வரியை எழுதும் அன்றைக்கு மட்டும் வேண்டும். பிறகு ஆயிரம் முறை பிடுங்கிச் செருகினாலும் வேண்டாம்.

சனிக்கிழமை காலை வந்தவள், மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். முடியவில்லை.

முதலில் சமக்குறி. இந்த விதிகளில் ‘இதுவா?’ என்று கேட்க இரண்டு சமக்குறி, ‘இப்படி ஆக்கு’ என்று சொல்ல ஒரு சமக்குறி. அவசரத்தில் ஒன்று குறைந்தால் விதி சொன்னபடி கேட்காது. அதைத் திருத்தினாள். விதியை எழுதியதும் ‘மறுபடி படி’ என்று யூடெவ்வுக்குச் சொல்ல வேண்டும், கேபிளையும் ஒருமுறை கழற்றி மாட்ட வேண்டும். அதையும் செய்தாள்.

அடுத்தது, யாருக்கு அனுமதி என்ற கேள்வி. இணையத்தில் தேடினால் பாதிப் பேர் ‘0666 போடுங்க’ என்பார்கள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம் என்று அர்த்தம். இயற்பியல் பெட்டிக்கு அப்படிப் போட்டால் குடி முழுகிப்போகாது. ஆனால் இந்த வகைப் பழக்கம் பெட்டியோடு நிற்பதில்லை என்பதை அந்த லேப் அப்போதுதான் பார்த்திருந்தது. எளிதான இன்னொரு வழி, மாணவர் கணக்கை ‘டயல்அவுட்’ குழுவில் சேர்த்துவிடுவது. நல்ல வழிதான். ஆனால் அந்தக் குழுவில் சேர்த்தால் இந்த வகை போர்ட்டுகள் அனைத்துக்கும் சேர்த்து அனுமதி போகும்.

அவளுக்குப் பிடித்தது ‘யூஆக்சஸ்’ என்ற முறை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து லாகின் செய்திருப்பவர் யாரோ, அவருக்கு மட்டும் கருவியைக் கொடுக்கும். அவர் எழுந்து போனால் வாங்கிக்கொள்ளும். கேட்கவே அழகாக இருக்கிறது இல்லையா? எழுதினாள், வேலை செய்யவில்லை. ஒரு மணி நேரம் போராடிய பிறகுதான் பிடிபட்டது. விதி ஃபைல்களின் பெயர் ஓர் எண்ணில் தொடங்கும், அந்த வரிசையில்தான் யூடெவ் படிக்கும். அவள் ஃபைலுக்கு 99 என்று வைத்திருந்தாள். இந்த அனுமதியை வழங்கும் வேலை 73-லேயே முடிந்துவிடுகிறது. பந்தி முடிந்து கை கழுவிய பிறகு போய் நின்றால் யார் பரிமாறுவார்கள்? 70 என்று மாற்றியதும் பெட்டி பேசியது.

‘அப்ப ராத்திரி?’ என்று கேட்டாள் அந்த நாலு பேரில் ஒருத்தி.

நல்ல கேள்வி. சாயங்காலம் லாகவுட் செய்துவிட்டால் முன்னால் உட்கார்ந்திருப்பவர் என்று யாரும் இல்லை, அனுமதியும் இல்லை. ராத்திரி 2 மணிக் கதை மறுபடி ஆரம்பம். வகுப்பு நேரத்துக்குப் பொருத்தமான முறை, இரவுக் காவலுக்குப் பொருந்தாது. கடைசியில் லேப்புக்கென்று தனியாக ஒரு குழுவை உருவாக்கினார்கள். மாணவர் கணக்கு அதில் ஓர் உறுப்பினர். அளவெடுக்கும் புரோகிராமுக்கென்று இன்னொரு கணக்கு, அதுவும் உறுப்பினர். வெப்பநிலை சேரும் ஃபோல்டருக்கு அந்த இரண்டாவது கணக்குதான் உரிமையாளர். மாணவர் கணக்கால் அதைத் திறந்து படிக்க முடியும், அழிக்க முடியாது. ஃபைலின் எண்ணும் 99-க்கே திரும்பியது. குழுவுக்குக் கொடுக்கும்போது கடைசியில் சொன்னதுதான் நிற்கும் என்பதால் அது வசதி.

இன்னும் இரண்டு முடிச்சு இருந்தது. ஒன்று, பெயர். இரண்டு பெட்டிகளையும் செருகினால், எது முதலில் விழிக்கிறதோ அது 0, அடுத்தது 1. கரண்ட் போய் வந்தால் வரிசை மாறலாம். வேப்பமரம் வகுப்பறையாகவும் வகுப்பறை வேப்பமரமாகவும் பதிவாகிவிடும். அழிந்துபோவதைவிட இது மோசம், ஏனென்றால் யாருக்கும் தெரியாது. விதியிலேயே ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நிரந்தரப் பட்டப்பெயர் கொடுக்க வழி இருக்கிறது. ‘மரம்’, ‘வகுப்பு’ என்ற பொருள் வரும்படி வைத்தாள்.

இரண்டு, அடையாள அட்டை. பெரும்பாலான சின்னக் கருவிகளில் அந்த நாலு இலக்க எண்கள் கருவிக்குச் சொந்தமில்லை. உள்ளே இருக்கும் யுஎஸ்பி சிப்பைச் செய்தவருடையவை. 0403, 6001 என்று ஒரு ஜோடி உண்டு. எஃப்டிடிஐ நிறுவனத்தின் சிப். உலகத்தில் எத்தனையோ விதமான கருவிகளுக்குள் அதே சிப் இருக்கும், எல்லாமே அதே எண்ணைத்தான் நீட்டும். சிப் எண்ணை மட்டும் பார்த்து அனுமதிப்பது, யூனிஃபார்ம் நிறத்தைப் பார்த்து கேட்டைத் திறப்பது மாதிரி. ஆளைத் தெரிய வேண்டும் என்றால் சீரியல் எண்ணையும் விதியில் சேர்க்க வேண்டும். சில மலிவுக் கருவிகளில் சீரியல் எண்ணே இருக்காது. அப்போது எந்த யுஎஸ்பி துளையில் செருகியிருக்கிறது என்பதை வைத்து எழுதலாம், துளையை மாற்றாமல் இருக்கும் வரை சரிப்படும். லேப் மேஜையில் துளைகளுக்குப் பக்கத்தில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். கம்ப்யூட்டர் அறிவியலில் சில பிரச்னைகள் ஸ்டிக்கரில்தான் முடிகின்றன.

சாயங்காலம் நாலரை மணிக்கு ஹப்பின் வயரைப் பிளக்கிலிருந்து டீச்சரே பிடுங்கினார். இரண்டு பெட்டியும் அணைந்தன. மனதுக்குள் பத்து எண்ணிவிட்டு மறுபடி செருகினார். யாரும் எதையும் தொடவில்லை. ஐந்து நிமிடம் கழித்து ‘மரம்’ ஒரு வரி, ‘வகுப்பு’ ஒரு வரி பதிந்தன.

பையன் திங்கட்கிழமை வந்தான். அவன் அம்மாவே அனுப்பி வைத்தார். வந்தவனைக் கூப்பிட்டு, மாணவர் கணக்கில் உட்காரவைத்து, ‘இப்ப அந்த ஃபோல்டரை அழி பார்ப்போம்’ என்றார் டீச்சர். வகுப்பே சுற்றி நின்றது. அவன் தயங்கினான். ‘அட, அழிடா. அழிக்க முடியுதான்னு பார்க்கத்தானே உன்னைக் கூப்ட்ருக்கேன்.’ அழித்துப் பார்த்தான். அனுமதி மறுக்கப்பட்டது. முதல்முறையாக அந்த ஸ்கிரீன் செய்திக்கு அந்த லேப்பில் சிரிப்பு வந்தது. பிறகு இரண்டு நாள் அவனேதான் எங்கெங்கே ஓட்டை இருக்கிறது என்று குடைந்துகொண்டிருந்தான். பூட்டு செய்பவரைவிடப் பூட்டை உடைத்தவனுக்குத்தானே பூட்டைப் பற்றி அதிகம் தெரியும்! அவன் கண்டுபிடித்த ஓட்டை ஒன்று நிஜமானது: கடைத் தம்பி ஓட விட்ட பழைய புரோகிராம், ஒரு லேப்டாப்பில் இன்னும் ரூட்டாகவே ஓடிக்கொண்டிருந்தது.

கண்காட்சிக்கு இருபது நாள் கணக்கு போகவில்லை. ஒன்பது நாள் கணக்குதான் போனது. நடுவர், ‘நாட்கள் குறைவாக இருக்கிறதே’ என்று கேட்டிருக்கிறார். மாணவிகள் காரணத்தைச் சொல்லியிருக்கிறார்கள், அட்டை உட்பட. பரிசு எதுவும் வரவில்லை.

அட்மின் பாஸ்வேர்டு மாறிவிட்டது. அது இப்போது ஒட்டிய கவரில் தலைமை ஆசிரியரின் பீரோவில் இருக்கிறது. விதி ஃபைலை பென்டிரைவில் போட்டுப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கும் கொடுத்தார்கள். அங்கே அது முதலில் வேலை செய்யவில்லை, அந்தக் கம்ப்யூட்டரில் அந்தப் பெயரில் குழுவே இல்லாததால். அங்கே இருக்கும் பெட்டியின் சீரியல் எண்ணும் வேறு. இரண்டையும் சரிசெய்ய அந்தப் பையனைத்தான் அனுப்பி வைத்தார் டீச்சர்.

விதி ஃபைலில் ‘#’ போட்டுத் தொடங்கும் வரியை யூடெவ் படிக்காது, மனிதர்களுக்கு எழுதும் குறிப்பு என்று தாண்டிப் போய்விடும். பாலிடெக்னிக் பெண் அதில் முதல் வரியைத் தமிழில் எழுதியிருக்கிறாள்: இயற்பியல் லேப். பெட்டி இரண்டு. குழுவில் கணக்கு இரண்டு. கீழே எழுதிய தேதி.